காட்டுச் சூழலியல்ல எம்எஸ்சி செய்ய ஆசை, எங்கட பக்கம் இருக்கிறது காடா பத்தையா?

பாலைப்பழம் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம், ஒள்ளுப்பம் நீளமாத்தான் எழுதப்போறன், மன்னிச்சுக்கொள்ளுங்க.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். உயிரியல்ல டிகிரி முடிச்சு ஒண்டரை வருஷமாகுது, இப்ப ஒரு டியூசன் சென்டர்ல ஓஎல் பிள்ளையளுக்கு சயன்ஸ் படிப்பிக்கிறன். காட்டுச் சூழலியல்ல எம்எஸ்சி செய்யணும் எண்டு கனநாளா ஆசை. சும்மா சொல்லல்ல, கடைசி வருஷ ப்ரொஜெக்டுக்கு வாவிக்கரைக் கண்டலுக்குள்ள மூணு மாசம் நிண்டனான், முழங்கால் மட்டும் சேறு, ஒருநாள் தில்லைக் கொப்பை முறிக்கக்குள்ள பால் கண்ணில தெறிச்சு ரெண்டு நாள் கண் திறக்கேலாமக் கிடந்தன், அப்பையும் மூணாம் நாள் எப்ப விடியும் எண்டுதான் இருந்தது.

இப்ப பிரச்சினை என்னண்டா எங்கட சேர் ஒராள், நல்லவர்தான், அவர் சொல்றார் காடு எண்டா சிங்கராஜ மழைக்காடு, அங்க செய்தாத்தான் பேப்பர் வரும் மதிப்பும் வரும், உங்கட பக்கம் இருக்கிறது பத்தைதானே எண்டு. அந்தப் பத்தை எண்ட சொல்லு எனக்குச் சுட்டுட்டுது. சித்தப்பாட வயல் வட்டை உன்னிச்சைக்கு அங்கால இருக்கு, அவர்ட வேலிக்குப் பின்னாலயே காடு தொடங்குது. சின்னனில அங்கதான் பாலைப்பழம் பொறுக்கினது, நாலு பழம் திண்டா உதடு ரெண்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும், அதோட வீட்ட வந்து ஏச்சு வாங்குறது. அது பத்தையெண்டா வேற எதைக் காடு எண்டுறது?

மறுகா, எம்எஸ்சியிலயும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் எண்டு வேற வேற மாதிரி போட்டிருக்காங்க, எது எதுக்குச் சரி எண்டு விளங்கல்ல. புள்ளிவிபரவியல் எண்டா எனக்குக் கை நடுங்கும், அதையும் மறைக்காமச் சொல்றன். அம்மா சொல்றா காட்டைப் படிச்சு என்ன மகள் செய்யப்போறாய், ஆனைக்குக் கணக்கு எழுதப்போறியா எண்டு. பொம்பிளப்பிள்ளை காட்டுக்குள்ள போறதைப் பத்தியும் வீட்டில தினம் ஒரு கதை.

இந்தத் துறையில படிச்ச ஆக்கள், படிச்சுக்கொண்டிருக்கிற ஆக்கள் யாராவது இருந்தா சொல்லுங்க. சொந்தக் காட்டிலயே ஆராய்ச்சி செய்யலாமா, இல்லாட்டி சேர் சொல்றமாதிரி சிங்கராஜவுக்குத்தான் போகோணுமா?

---

முதிரைக்கட்டை எழுதினது:

தங்கச்சி, நான் எம்ஃபில் முடிச்சவன், உலர்வலயக் காட்டிலதான் செய்தனான், ஊரும் உங்கட பக்கம்தான், அதால இதில கொஞ்சம் சார்பாத்தான் கதைப்பன், அதை முதலே சொல்லிவைக்கிறன்.

சிங்கராஜவைக் குறைச்சுச் சொல்லேலாது. 1988ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல ஏறின காடு, அங்க 25 ஹெக்டேயர் ப்ளொட் (அளக்கிறதுக்கு எண்டு எல்லை போட்ட நிலத்துண்டு) ஒண்டு போட்டு, நெஞ்சளவில ஒரு சென்டிமீற்றர் தடிப்பு வந்த ஒவ்வொரு தண்டுக்கும் நம்பர் தகடு அடிச்சு வருஷக்கணக்கா அளந்துகொண்டு வாறாங்க. ஆனா அங்க நீங்க போனா, ஏற்கனவே நல்லா உழுத வயல்ல ஒரு மூலை கிடைக்கும், அவ்வளவுதான். நாட்டில இருக்கிற காட்டில எது கூட எண்டு பாருங்க. 2010ல வனத்திணைக்களம் எடுத்த கணக்கில நாட்டு நிலத்தில கிட்டத்தட்ட 30 சதவீதம் காடு, அதில பாதிக்கு மேல உலர் பருவக்காற்றுக் காடு, அதாவது உங்கட சித்தப்பாட வேலிக்குப் பின்னால இருக்கிற சாமான். பரப்பு இவ்வளவு, அதுக்குள்ள இறங்கி வேலை செய்த ஆக்கள் கொஞ்சம்.

உங்கட சேர் ஏன் பத்தை எண்டு சொன்னார் எண்டு எனக்கு விளங்குது. மழைக்காட்டில நாப்பது மீற்றர் மரத்தைப் பாத்த கண்ணுக்கு எங்கட காடு குள்ளம், கீழ முள்ளும் கொடியும், உள்ள நடக்கேலாது. ஆனா ஒண்டைக் கவனிச்சீங்களா, மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் சொட்டு மழை இல்ல, நிலம் வெடிச்சுக் கிடக்குது, அந்தக் காய்ச்சலுக்குள்ளயும் பாலையும் வீரையும் பச்சையா நிக்குது, பக்கத்தில நிக்கிற முதிரை இலை கொட்டிட்டுது. ஒரே மண், ஒரே வெயில், ரெண்டு விதமான பிழைப்பு. தமிழ்நாட்டில முதுமலையில 1988ல இருந்து 50 ஹெக்டேயர் ப்ளொட் ஒண்டு இருக்கு, அதுவும் வறண்ட காடுதான், ஆனையும் தீயும் எல்லாம் இருக்கு, ஆனா அது இலையுதிர் காடு. எங்கட கலப்புப் பசுமைக்காடு அதைப்போல இல்ல. வேர் எவ்வளவு ஆழம் போகுது, இலை எவ்வளவு தண்ணி விடுது, எந்தக் கன்று கோடையைத் தாண்டுது, இதில ஒண்டைப் பிடிச்சாலே ஒரு தீசிஸ்.

அதால என்ட அபிப்பிராயம், இடத்தை முதல்ல தெரிவு செய்யாதீங்க, கேள்வியை முதல்ல தெரிவு செய்யுங்க. கேள்வி சரியெண்டா இடம் தன்னால வரும், சூப்பர்வைசரும் தன்னால வருவார். "மட்டக்களப்புக் காட்டின் தாவரப் பன்மைத்துவம்" எண்டு தலைப்பு கொண்டு போனீங்க எண்டா எந்தப் பேராசிரியரும் கொட்டாவி விடுவார். "78 சூறாவளியில விழுந்த காடும், சேனைப் பயிருக்கு வெட்டி எரிச்சுக் கைவிட்ட காடும் ஒரே மாதிரித்தான் திரும்பி வளந்ததா" எண்டு கேட்டீங்க எண்டா நிமிந்து இருப்பார். 1978 நவம்பர் 23 சூறாவளியை ஊரில வயசான ஆக்களிட்டக் கேட்டுப்பாருங்க, எது முந்தின மரம் எது பிந்தின மரம் எண்டு கை காட்டுவாங்க. எங்கட மரங்களில எல்லாத்திலயும் வருஷ வளையம் தெளிவா விழாது, அந்தக் கை காட்டுறதுதான் உங்களுக்கு ஆதாரத்தின்ட தொடக்கம்.

இனி எம்எஸ்சி விசயம். நம்ம நாட்டுத் தகைமைச் சட்டகத்தில 9ம் மட்டம் எண்டா 30 கிரெடிட், பாடத்தோட முடியும். 10ம் மட்டம் எண்டா 60 கிரெடிட், ஆராய்ச்சி உள்ள இருக்கும். சம்பளப் படி ஏற மட்டும் எண்டா முதலாவது போதும். பிறகு பிஎச்டி நினைப்பு இருந்தா ரெண்டாவதை எடுங்க, இல்லாட்டி எம்ஃபில். விண்ணப்பத்தில எந்த மட்டம் எண்டு போட்டிருக்கா எண்டு பாத்துட்டுத்தான் காசு கட்டோணும், என்ட கூட்டாளி ஒருத்தன் ஒரு வருஷத்தை முடிச்சுட்டு மறுகா வெளிநாட்டுக்குப் போடக்குள்ளதான் அதில ஆராய்ச்சி காணாது எண்டு தெரிஞ்சு தலையில கை வைச்சவன். ஸ்ரீ ஜயவர்தனபுரவில வனவியலுக்கும் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கும் எண்டு தனித் திணைக்களமே இருக்கு. பேராதெனியவில விஞ்ஞானப் பட்டப்பின் நிறுவனமும் விவசாயப் பட்டப்பின் நிறுவனமும் ரெண்டும் இருக்கு, பக்கத்திலயே தாவரவியல் பூங்காவுக்குள்ள தேசிய ஹேபேரியம், அதாவது காயவைச்ச செடி மாதிரியள் சேத்து வைச்சிருக்கிற இடம், இலை ஒத்துப்பாக்க அதை விட்டா வேற இடமில்ல.

அனுமதி மறந்துராதீங்க. ஒதுக்குக் காடு எண்டா வனத்திணைக்களம், தேசியப் பூங்கா எண்டா வனசீவராசிகள் திணைக்களம், ரெண்டும் வேற வேற. என்ட கடிதம் ஒரு கந்தோர்ல அஞ்சு மாசம் மேசையில கிடந்தது, அதுக்குள்ள ஒரு கோடை முழுக்கப் போயிட்டுது. ப்ரொபோசல் எழுதுற அண்டைக்கே அனுமதிக்கும் எழுதுங்க.

---

சைக்கிள்காரன் எழுதினது:

எல்லாம் சரி தம்பி, நல்லா எழுதியிருக்கிறீங்க, ஆனா வேலை எங்க இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லல்லையே. நான் சுற்றாடல்ல மாஸ்டர்ஸ் முடிச்சு மூணு வருஷம் வீட்டில இருந்தனான், பிறகு இப்ப பேங்க்ல. தங்கச்சிட ஆசையைக் கெடுக்கச் சொல்லல்ல. வனத்திணைக்களத்துக்கும் வனசீவராசிகளுக்கும் ஆள் எடுக்கிறது எப்பவாவது ஒருக்கா, போட்டிப் பரீட்சை, இடம் கைவிரல்ல எண்ணலாம். மற்றது எண்ஜீஓ, ப்ரொஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. இதையும் தெரிஞ்சுகொண்டு இறங்குங்க. அம்மா கேட்டது பிழையான கேள்வி இல்ல.

---

முதிரைக்கட்டை எழுதினது:

சைக்கிள்காரன் அண்ணன் சொல்றது உண்மைதான், மறுக்கல்ல. நானும் முடிச்ச கையோட எட்டு மாசம் சும்மா இருந்தனான். ஒண்டு மட்டும், மரம் அடையாளம் காணத் தெரிஞ்ச ஆளுக்கும் மெப் கீறத் தெரிஞ்ச ஆளுக்கும் வேலை தட்டுப்படுறது கொஞ்சம் லேசு. பேப்பர்ல பட்டம் மட்டும் வைச்சிருக்கிற ஆளுக்குத்தான் கஷ்டம்.

---

கல்லோயா நானா எழுதினது:

ஸலாம். நான் சம்மாந்துறை. டிகிரி கிகிரி ஒண்டும் இல்ல, ஆனா பதினாலு வருஷமா ஆராய்ச்சிக்கு வாற புள்ளைகளோட காட்டுக்க போய் வாறன், டேப் பிடிக்கிறதும் நம்பர் அடிக்கிறதும் நான்தான். அதால படிச்ச ஆக்கள் சொல்லாத ஒண்டு ரெண்டு நான் சொல்றன்.

முதல்ல எங்கட அம்பாறைப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க புள்ள. கல்லோயா தேசியப் பூங்கா 1954ல ஆக்கின, சேனாநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளத்தைச் சுத்தி இரிக்கி, ஆனை ஒரு தீவில இருந்து மத்தத் தீவுக்கு நீந்திப் போறதைப் பாக்க வெள்ளைக்காரன் காசு குடுத்து வாறான். ஆனா எனக்கு அங்க புடிச்சது ஆனை இல்ல, தலாவ எண்டு சிங்களத்தில சொல்ற புல்வெளி. இடுப்பளவு மானாப் புல்லு, இடையில இடையில கடுக்காய், தான்றி, நெல்லி மரம். மூணும் சேந்தா திரிபலா, வைத்தியர்மாருக்குத் தெரியும். மரம் அடர்த்தியா வராம ஏன் அங்க புல்லே நிக்கிது எண்டு ஒரு புள்ள என்னைக் கேட்ட. நான் சொன்ன, கோடையில ஒவ்வொரு வருஷமும் பத்துது மகள், நெருப்பில மத்தக் கன்றெல்லாம் செத்திரும், தடிச்ச பட்டை உள்ளதுதான் தப்பும் எண்டு. அந்தப் புள்ள அதையே ஆராய்ச்சியா எடுத்து, கருகின மரத்துப் பட்டையை ஊசி குத்திக் குத்தி அளந்த, நான் பக்கத்தில நிண்டு சிரிச்ச. மறுகா எனக்கே அதில ருசி புடிச்சிட்டுது.

ரெண்டாவது, வீரை மரம். அளக்கப் போனாத்தான் தெரியும் அதுட குணம். தரையில இருந்து 1.3 மீற்றர்ல டேப்பைச் சுத்தோணும் எண்டு புத்தகத்தில இரிக்கி, ஆனா வீரைட தண்டு உருட்டா இல்லையே, முறுக்கிக் குழி விழுந்து மடிப்பு மடிப்பா நிக்கும், டேப் குழிக்கு மேலால பாலம் போட்ட மாதிரிப் போகும், உள்ளுக்குக் காத்துத்தான். காயான் எண்டா இன்னும் மோசம், ஒரு வேர்ல ஏழு தண்டு. ஒரு மரமா ஏழு மரமா? முதல் நாளே முடிவெடுத்துக் கொப்பியில எழுதி வைக்கோணும், எடுக்காம விட்டுட்டு மூணாம் மாசம் அழுத புள்ளைகளை நான் பாத்திரிக்கன். பத்து சென்டிமீற்றருக்கு மேல மட்டும் அளப்பம் எண்டு மழைக்காட்டு ஆக்கள் மாதிரி செய்தீங்க எண்டாலும் எங்கட காட்டில பாதி கணக்குக்க வராமப் போயிரும்.

மூணாவது ஆனை. உங்கட உம்மா, இல்ல அம்மா, பயப்புடுறது நியாயம். நான் சொல்றதைக் கேளுங்க. தனியப் போகவே கூடா, ஆம்புளையா இருந்தாலும். ஊர்ல உள்ள மாட்டுப்பட்டிக்காரன் ஒருத்தனைக் கூட்டிப் போங்க, அவனுக்குத் தெரிஞ்சது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியா. குளத்துக்குப் போற தடத்தில ப்ளொட் போடாதீங்க. பீ சூடா இரிக்கா எண்டு பாருங்க. பின்னேரம் மூணு மணிக்குப் பிறகு ஒரு மரத்தையும் அளக்க வேணாம், இன்னும் ரெண்டு மரம்தானே சேர் எண்டு ஒரு புள்ள கேட்டு, அந்த ரெண்டாவது மரத்துக்குப் பின்னாலதான் தனியன் ஆனை நிண்ட. டேப்பை விட்டுட்டு ஓடின, அடுத்த நாள் போய்ப் பாத்தா டேப்பை மிதிச்சு மண்ணுக்க புதைச்சிட்டுப் போயிரிக்கி.

அதுட பீயையும் விட்டிராதீங்க. உடைச்சுப் பாத்தா விளாங்கொட்டை, வீரைக்கொட்டை எல்லாம் கிடக்கும். அதை எடுத்து மண்ணுல போட்டு எத்தனை முளைக்கிது, மரத்தடியில விழுந்த கொட்டை எத்தனை முளைக்கிது எண்டு பாத்தா அதுவும் ஒரு படிப்புத்தானே. ஆனைக்குக் கணக்கு எழுதப்போறியா எண்டு அம்மா கேட்டா ஓம் எண்டு சொல்லுங்க.

---

பாலைப்பழம் எழுதினது:

நானா, வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சன், கடைசி வரியை அம்மாக்கும் வாசிச்சுக் காட்டினன், அவ ஒண்டும் பேசல்ல, ஆனா அந்த ஓடின புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லையா எண்டு மட்டும் கேட்டா.

முதிரைக்கட்டை அண்ணா, சித்தப்பாட்ட சூறாவளியைக் கேட்டன். ஒரு மணித்தியாலம் கதைச்சார். அப்ப அவருக்குப் பதினொரு வயசாம், அடுத்த நாள் காலையில பாத்தா வேலிக்கு அங்கால வெளியா இருந்ததாம், மலை தெரிஞ்சதாம். இப்ப மலை தெரியாது, மரம் மறைக்குது. இவ்வளவு காலம் இதை நான் ஒருக்காவும் கேட்டதில்ல.

புள்ளிவிபரத்தைப் பத்தி ஒருத்தரும் சொல்லல்லையே? மற்றது வெளிநாடு எண்டா எங்க, காசு எப்படி?

---

குளிர்ல கிடக்கிறன் எழுதினது:

தங்கச்சி, நான் கல்முனை, இப்ப ஜெர்மனியில காட்டியல்தான் படிக்கிறன், அவசரத்தில எழுதுறன் பிழை இருந்தா பொறுங்க.

ஜெர்மனியில கனக்க இடத்தில படிப்புக் கட்டணம் பேருக்குத்தான், ஆனா ஃப்ரைபேர்க் பல்கலைக்கழகம் இருக்கிற மாநிலத்தில 2017ல இருந்து வெளிநாட்டு ஆக்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. கட்டணம் இல்லாட்டியும் வீசாவுக்கு ஒரு வருஷச் செலவுக் காசை பேங்க்ல பூட்டிக் காட்டோணும், அதுதான் இடிக்கும். ட்ரெஸ்டன் பல்கலைக்கழகத்தின்ட காட்டியல் பிரிவு தாரண்ட் எண்ட சின்ன ஊரில இருக்கு, 1811ல தொடங்கின பள்ளிக்கூடம், வெப்பவலயக் காட்டுக்கு எண்டே மாஸ்டர்ஸ் இருக்கு. கோட்டிங்கனிலயும் அப்பிடி ஒண்டு. டாட் (DAAD) எண்ட ஜெர்மன் ஸ்கொலர்ஷிப்புக்குப் போடுறதெண்டா பட்டம் எடுத்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கோணும், துறை சார்ந்த வேலை அனுபவம் ரெண்டு வருஷம் கேப்பாங்க, டியூசன் குடுத்ததைத் துறை அனுபவம் எண்டு எடுப்பாங்களோ தெரியாது, அதால இப்பவே எங்கயாவது களவேலைக்குச் சேருங்க, சம்பளம் குறைவெண்டாலும். நல்லது என்னண்டா தீசிஸுக்குக் கனபேர் சொந்த நாட்டுக்குத்தான் போறாங்க, நானும் அடுத்த கோடைக்கு லகுகலைப் பக்கம் வாறன்.

தூரம் வேணாம் எண்டா பாண்டிச்சேரியைப் பாருங்க. நான் சும்மா சொல்லல்ல, கோரமண்டல் கரையில கோயில்காடு எண்டு அய்யனார் கோயிலைச் சுத்தி விட்டு வைச்சிருக்கிற துண்டுக் காடு இருக்கு, உள்ள போனா வீரை, பாலை, காயான், உங்கட உன்னிச்சைக் காட்டுக்கு அக்கா தங்கச்சி மாதிரி. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துச் சூழலியல் ஆக்கள் அதில நிறைய வேலை செய்திருக்காங்க. இந்திய அரசு ஐசிசிஆர் ஸ்கொலர்ஷிப் எங்கட ஆக்களுக்கும் குடுக்குது. அங்க ஏக்கர் கணக்கில துண்டா மிஞ்சினது உங்களுக்கு இன்னும் காடாவே நிக்குது, ரெண்டையும் ஒப்பிட்டா எப்பிடி இருக்கும் யோசிங்க. ஒரே கவனம், பேர். அங்க பொரசு எண்டுறது எங்கட முதிரை, பாலைக்கு அவங்க உலக்கைப்பாலை எண்டுவாங்க. இஞ்ச திணைக்களப் பதிவில சிங்களப் பேர் இருக்கும், பாலைக்குப் பலு, முதிரைக்குப் புருத்த, மருதுக்குக் கும்புக். மூணு பேரையும் எழுதிப் பக்கத்தில விஞ்ஞானப் பேரையும் எழுதி ஒரு கொப்பி வைச்சுக்கொள்ளுங்க.

புள்ளிவிபரத்துக்குப் பயப்பிடாதீங்க, நானும் ஓஎல் கணக்குக்கு சீதான். ஆர் எண்ட மென்பொருள் இலவசம், அதில வீகன் எண்டு ஒரு பேக்கேஜ் (சாப்பாடு இல்ல), சூழலியல் ஆக்களுக்கு எண்டே செய்தது. கணக்கை அது போடும், நீங்க பிழையான கேள்வியைப் போடாமப் பாத்துக்கொண்டாச் சரி. எல்லாரும் விடுற பிழை ஒண்டு, ஒரே எரிஞ்ச துண்டுக்குள்ள பத்து ப்ளொட், ஒரே எரியாத துண்டுக்குள்ள பத்து ப்ளொட் போட்டுட்டுப் பத்துப் பத்து எண்டு எழுதுறது. பத்தும் ஒரே நெருப்புப் பட்ட ஒரே இடம், அதால அது பத்து இல்ல, ஒண்டும் ஒண்டும்தான். என்ட முதல் ப்ரொபோசலை அதுக்குத்தான் சிவப்பு மையால கீறித் தந்தாங்க. சூறாவளிக் காடு, சேனைக் காடு எண்டு ஒப்பிடப்போறீங்க எண்டாலும் வேற வேற இடத்தில நாலஞ்சு துண்டு தேடுங்க. பழைய லேண்ட்சட் செய்மதிப் படம் 1972ல இருந்து இருக்கு, இப்ப எல்லாம் இலவசம், எங்க வெட்டினது எங்க விட்டது எண்டு வீட்டில இருந்தே தேடத் தொடங்கலாம். பழசு மங்கலாத்தான் இருக்கும்.

---

பாலைப்பழம் எழுதினது:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன். வேறொண்டும் பெரிசாச் செய்யல்ல, போன ஞாயிறு சித்தப்பாட காணிக்குள்ளயே வேலி ஓரம் விட்டு வைச்சிருக்கிற துண்டில இருபதுக்கு இருபது மீற்றர் கயிறு கட்டிப் பழகிப் பாத்தன், அனுமதி கினுமதி வேணாத இடம். தம்பி டேப் பிடிச்சான், சித்தப்பா பேர் சொன்னார், நான் எழுதினன். நாலு மணித்தியாலம், ஐம்பத்தேழு தண்டு. காயான்ல நானா சொன்ன அதே சண்டை, தம்பி ஒரு மரம் எண்டுறான் நான் ஒம்பது எண்டுறன். பின்னேரம் மூணுக்கு முதல் வெளிய வந்துட்டம்.

ஒரு மரம் மட்டும் சித்தப்பாக்கே பேர் தெரியல்ல, அந்தத் துண்டில மூணு நிக்குது, மூணும் ஒரே தடிப்பு. பட்டை சாம்பல் நிறம், இலை நுனி மழுங்கல், பூவும் இல்ல காயும் இல்ல. யாருக்காவது தெரியுமா?

---

கல்லோயா நானா எழுதினது:

இப்பிடிச் சொன்னா எப்பிடி மகள் கண்டுபுடிக்கிற. இலை எதிரெதிரா இரிக்கா மாறி மாறி இரிக்கா? காம்பைக் கிள்ளினா பால் வருதா? கசக்கி மணந்து பாத்தீங்களா? கொப்போட ஒரு படம் எடுத்துப் போடுங்க, இலைட பின்பக்கமும் சேத்து.